தும்பிக்கு போன் கொடுத்தது யார்

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கும் கதவைச் சாத்திவிட்டார்கள். நாற்பத்தைந்து நிமிடம். உள்ளே என் மகளும் அந்த டீச்சரம்மாவும். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் நான். ஒரு சத்தமும் இல்லை.

லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவனுக்குச் சத்தமில்லாத எதைக் கண்டாலும் ஆகாது. சத்தம் வரவில்லை என்றால் ஒன்று நன்றாக ஓடுகிறது, இல்லையென்றால் நடுவில் நின்றுவிட்டது. எது என்று திறந்து பார்த்தால்தான் தெரியும். திறக்க விடமாட்டேன் என்கிறார்கள். ஏன்?

எதற்கும் ஆரம்பத்திலிருந்து எழுதி வைக்கிறேன். நாளைக்கு யாராவது "நீ அப்பவே ஏன் கேட்கலை" என்றால் காட்ட ஒரு தாளாவது வேண்டும்.

மகளுக்கு ஏழு வயது. சந்தோஷம் வந்தால் இரண்டு கையையும் பக்கவாட்டில் படபடவென்று அடிப்பாள், அதனால் வீட்டில் அவள் பெயர் தும்பி. பேச்சு வரவில்லை. ஆட்டிசம் என்று மூன்று வயதிலேயே டாக்டர் சொல்லிவிட்டார். அதை ஒருவழியாக ஜீரணித்துவிட்டோம். இப்போது தொல்லை போன். கண்ணாடி விரிசல் விட்ட என் பழைய போன், அதில் ஒரே ஒரு வீடியோ. கலர் கலராக உருண்டைகள் சரிவில் உருண்டு வந்து குழியில் விழும். விழும்போது 'டிங்'. அது ஓடினால்தான் வாய் திறக்கும். என்ன ஊட்டுகிறோம் என்றுகூடப் பார்க்காமல் விழுங்குவாள். தட்டில் அவளாகக் கை வைத்ததே கிடையாது. வீடியோ நின்றால் வாயும் பூட்டு.

போன மாதம் நான் வீரம் காட்டினேன். ரெண்டு நாள் பசித்தால் தானாகச் சாப்பிடுவாள் என்று போனைப் பிடுங்கி டூல் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். இரண்டாம் நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றினார்கள். அவள் கையில் அவள் பல்லே நாலு பதிந்திருந்தது. வீட்டுக்காரி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அந்த ஆஸ்பத்திரி டாக்டர்தான், இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிற இந்த டீச்சரம்மாவிடம் அனுப்பினார்.

இன்று மூன்றாவது தடவை. உள்ளே போன் கொடுத்து உட்கார வைக்கிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். இல்லாவிட்டால் தும்பி எப்படி நாற்பத்தைந்து நிமிடம் அழாமல் இருக்கிறாள்?

மார்ச் 6, வியாழன்

கேட்டேவிட்டேன். "உள்ள என்னதான் மேடம் நடக்குது?"

அந்த அம்மா கோபப்படவில்லை. பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னலைக் காட்டி, இங்கே நின்று பாருங்கள், தலையை மட்டும் ஆட்டாதீர்கள், அவள் கவனம் கலையும் என்றார். பார்த்தேன். தும்பி ஒரு நூல்கண்டின் அட்டை உருளையைத் தரையில் உருட்டினாள். டீச்சரம்மாவும் தரையில் உட்கார்ந்து இன்னொன்றை உருட்டினார். அவள் நிறுத்தினால் இவரும் நிறுத்தினார். முடிந்தது. இதைத்தான் நாற்பத்தைந்து நிமிடம். இதற்கா படித்துப் பட்டம் வாங்கி சுவரில் மாட்டியிருக்கிறார்? நான்கூட நன்றாக உருட்டுவேன்.

எப்போது குணமாகும் என்று கேட்டேன். "குணம்னு நான் சொல்ல மாட்டேன் சார். இது காய்ச்சல் இல்ல. அவளுக்கு எது சுலபமாகும்னு பார்ப்போம், அதைச் செய்வோம்."

உத்தரவாதம் கொடுக்காத ஆள். குறித்துக்கொண்டேன்.

போனை ஒரேயடியாக நிறுத்தக் கூடாதாம். முதலில் சத்தம் மட்டும் போக வேண்டும். அடுத்து வெளிச்சம் மங்க வேண்டும். அடுத்து ஒரு முழம் தள்ளி, பிறகு மேஜையின் அந்தக் கோடி. கடைசியில் சாப்பாடு முடிந்த பிறகு மட்டும் கொஞ்ச நேரம். ஒவ்வொன்றையும் படமாக ஒரு அட்டையில் ஒட்டி, அடுத்து என்ன என்று அவளுக்குக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆளுக்கொரு தாள் வேறு கொடுத்தார். மூன்று கட்டம். முன்னாடி என்ன நடந்தது, அவள் என்ன செய்தாள், அப்புறம் என்ன நடந்தது. நானும் வீட்டுக்காரியும் தனித்தனியாக எழுத வேண்டும். இது மட்டும் எனக்குப் பிடித்தது. எங்கள் வேலையிலும் உண்டு, கோளாறுப் பதிவேடு. பழுது எங்கே என்று எப்போதும் அதில்தான் மாட்டும்.

மார்ச் 9, ஞாயிறு

மச்சான் வந்தார். வீட்டுக்காரியின் அண்ணன். கையில் ஒரு குப்பி. அவருக்குத் தெரிந்த ஒருவர் கொடுத்ததாம், தினம் ஆறு சொட்டு, உடம்பில் இருக்கிற கசடெல்லாம் இறங்கிவிடுமாம். "நாப்பது நாள், மாப்பிள்ளை. பேச்சு வந்துடும். அவரு கைப்பட எழுதித் தர்றாரு."

ஒருவர் குணமே ஆகாது என்கிற மாதிரிப் பேசுகிறார், இன்னொருவர் நாற்பது நாளில் எழுதித் தருகிறார். இரண்டு பேர் மேலும் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் வீட்டுக்காரி குப்பியை வாங்கி அலமாரியில் வைத்த விதத்தைப் பார்த்தேன். கீழே விழுந்துவிடக் கூடாதே என்று இரண்டு கையாலும் பிடித்து வைத்தாள்.

மார்ச் 10, திங்கள்

அவள் குளிக்கப் போன நேரத்தில் குப்பியைத் திறந்தேன். மூக்கில் சுரீர் என்றது. லேபிள் இல்லை, என்ன கலந்திருக்கிறது என்று ஒரு எழுத்து இல்லை. என் எண்ணெய்த் துணியில் ஆறு சொட்டு விட்டேன். ஐந்து நிமிடத்தில் அந்த இடம் மட்டும் வெளுத்து வெள்ளையாகிவிட்டது. பன்னிரண்டு வருஷத்து கிரீஸ். சோடா போட்டுக் கொதிக்க வைத்தும் போகாத கறை.

இதையா என் பொண்ணு வயித்துல ஊத்தச் சொல்றாங்க? ஆறு சொட்டு. தினமும்.

துணியை வீட்டுக்காரியிடம் காட்டினேன். வெளுத்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, "அவ ஒரு தடவை அம்மான்னு சொல்லுவான்னு நினைச்சேங்க" என்றாள். குப்பியை மூடி என் டூல் பையில் வைத்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

டாக்டரிடம் குப்பியையும் துணியையும் கொண்டுபோனேன். மோந்து பார்த்துவிட்டு, இதை எங்கேயும் ஊற்றாதீர்கள், என்னிடமே கொடுத்துவிட்டுப் போங்கள், யாருக்குச் சொல்ல வேண்டுமோ நான் சொல்கிறேன் என்றார். மச்சானுக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்று வைத்துவிட்டார்.

ஆமாம், சந்தேகம்தான். இன்று என் சந்தேகத்தை நானே தட்டிக்கொடுத்தேன். அதுதான் தப்போ என்னவோ, அதற்குத் தலை கனத்துவிட்டது.

மார்ச் 13, வியாழன்

சத்தம் இல்லாமல் ஆறு நாள். முதல் இரண்டு நாள் தட்டு பறந்தது, ஒன்று என் நெற்றிக்குக் குறி வைத்தது. இப்போது காலையில் ரொட்டியும் வாழைப்பழமும் சத்தமில்லாத வீடியோவோடு இறங்குகிறது. மத்தியானமும் பரவாயில்லை என்கிறாள் வீட்டுக்காரி.

சாயங்காலம்தான் சரிவரவில்லை. ஆறரைக்கு மேல் வாயைத் திறப்பதில்லை. சத்தம் வைக்கச் சொல்லி போனைத் தரையில் அடிக்கிறாள். நேற்று மறுபடியும் கையைக் கடித்தாள். டாக்டர் எடை பார்த்தார். இன்னும் ஒரு கிலோ குறைந்தால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டிவரும் என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

காலையில் ஓடுகிறது, மத்தியானம் ஓடுகிறது, சாயங்காலம் நிற்கிறது. லிஃப்ட் இப்படி நின்றால் என்ன அர்த்தம்? நடுவில் யாரோ கை வைக்கிறார்கள்.

மார்ச் 15, சனி

ஒரு நல்ல விஷயமும் எழுத வேண்டும். நான் வேலை முடிந்து வந்து பாத்ரூம் போனால் தும்பி கதவோரத்துக் கால்மிதியில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். காதைக் கதவில் வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடுகிறாள். நான் வெளியே வந்தால் மூஞ்சியைப் பார்க்காமல் என் கையைத் தொட்டுப் பார்க்கிறாள். அப்பாவைத் தேடுகிறது பிள்ளை. டீச்சரம்மா தாளில் இதற்கு ஒரு கட்டம் இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

யோசித்துப் பார்த்துவிட்டேன். கை வைக்கிறது டீச்சரம்மா இல்லை, அங்கே போகாத நாளிலும் சாயங்காலம் இதே கதைதான். மிச்சம் வீட்டுக்காரி. நான் கிளம்பினதிலிருந்து ஆறு வரைக்கும் வீட்டில் அவளும் தும்பியும் மட்டும். களைப்பில் போனைச் சத்தத்தோடு கொடுத்துவிட்டு, தாளில் எழுதாமல் விடுகிறாளா? கொடுத்தாலும் தப்பு சொல்ல முடியாது. ஆனால் மறைக்கிறாளே.

வேலையில் ஒரு பழக்கம் உண்டு. போல்ட்டை முறுக்கி முடித்ததும் போல்ட்டுக்கும் தகட்டுக்கும் சேர்த்து பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போடுவோம். யாராவது திருகினால் கோடு விலகிவிடும், பொய் சொல்ல முடியாது. காலையில் போன் வைக்கிற தகர டப்பாவுக்கும் மூடிக்கும் சேர்த்து ஒரு மெல்லிய சிவப்புக் கோடு போட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

சாயங்காலம் பார்த்தேன். கோடு விலகியிருக்கிறது.

மார்ச் 20, வியாழன்

இரண்டு நாள் பொறுத்தேன். இரண்டு நாளும் கோடு விலகல். இன்று மேஜையில் டப்பாவை வைத்து, "இதுக்கு என்ன சொல்ற?" என்றேன், போலீஸ்காரன் மாதிரி.

அவள் கோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மத்தியானம் போன் எடுக்காம எப்படி ஊட்டறது? வாயால நான் டிங் டிங்னு சொல்லவா?"

மத்தியானச் சாப்பாடு. அப்படி ஒன்று நடுவில் இருப்பதையே நான் மறந்துவிட்டேன். பன்னிரண்டு வருஷ அனுபவம், ஒரு விபத்து கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறேன்.

சிரித்துவிடுவாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு போகும்போது சொன்னாள்: "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கோடு போட்டுப் பார்க்க நான் போல்ட் இல்லங்க."

மார்ச் 21, வெள்ளி

பேச்சு இல்லை. ரொட்டி கருகியிருந்தது. சாப்பிட்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

டீச்சரம்மா இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். என்னுடையது வீட்டுக்காரி என்ன செய்தாள், எத்தனை மணிக்கு, மூஞ்சி எப்படி இருந்தது என்றே போகிறது. அவளுடையது மணி மணியாக, சிறுகச் சிறுக. நான் இதுவரை அதைப் படித்ததில்லை. என்ன விட்டிருக்கிறாள் என்று தேடுவதிலேயே இருந்தேனே தவிர, என்ன எழுதியிருக்கிறாள் என்று பார்க்கவில்லை.

டீச்சரம்மா மெதுவாகப் படித்தார். "ஆறு நாற்பது. முன்னாடி: அவர் பாத்ரூம் போனார். ஆறு முப்பத்தஞ்சு. முன்னாடி: அவர் பாத்ரூம் போனார். ஏழு மணி. முன்னாடி: அவர் பாத்ரூம் போனார்." படித்துவிட்டு நிமிர்ந்தார். "உள்ள எவ்வளவு நேரம் சார் இருப்பீங்க?"

"வயிறு கொஞ்சம் சரியில்ல மேடம்."

"பதினாலு நாளாவா?"

வீட்டுக்காரி சுவரில் இருந்த எழுத்துப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சரம்மா, உள்ளே போன் எடுத்துப் போவீர்களா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரி சுவரிடமே சொன்னாள்: "முன்னூத்திப் பன்னெண்டாவது லெவல்ல இருக்காரு."

மார்ச் 26, புதன்

உண்மையை எழுதுகிறேன், இங்கேயாவது.

கலர் உருண்டை விளையாட்டு. ஒரே கலர் மூன்று சேர்ந்தால் வெடிக்கும். வெடித்தால் 'டிங்'. போன வருஷம் ஒரு லிஃப்டுக்கு உதிரிபாகம் வருகிற வரைக்கும் பொழுதுபோகாமல் ஆரம்பித்தேன். இப்போது வீட்டுக்கு வந்ததும் குழாயைத் திறந்துவிட்டு உள்ளே உட்கார்ந்தால் முக்கால் மணி நேரம். சில நாள் அதற்கு மேல். அங்கே யாரும் அழமாட்டார்கள், யாரும் தட்டு எறியமாட்டார்கள்.

சத்தத்தை ஏன் நிறுத்தவில்லை? நிறுத்திப் பார்த்திருக்கிறேன். 'டிங்' இல்லாவிட்டால் விளையாடவே தோன்றவில்லை. கொசு ரீங்காரம் அளவுக்கு வைத்துக்கொள்வேன். குழாய்த் தண்ணீர்ச் சத்தத்தில் மனுஷக் காதுக்குக் கேட்காது என்று கணக்கு. தும்பியின் காதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. நாள் முழுக்கச் சத்தமில்லாமல் இருந்த பிள்ளைக்குக் கதவு வழியாகத் தினம் முக்கால் மணி நேரம் டிங் டிங் டிங். அதன் பிறகு ஊமைப் போனைக் காட்டி வாயைத் திற என்றால்?

அப்பாவைத் தேடுகிறது பிள்ளை என்று எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாம் என்று பார்த்தேன். கிழிக்கவில்லை. இருக்கட்டும்.

மார்ச் 27, வியாழன்

வீட்டுக்காரியிடம் கேட்டேன், தெரிந்தே ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று. "தாள்ல தினமும் எழுதினேன். நீங்களா ஒரு நாள் படிப்பீங்கன்னு பார்த்தேன்" என்றாள்.

டீச்சரம்மாவிடம் போய், இன்றோடு விளையாட்டை அழித்துவிடுகிறேன் மேடம், ஒரேயடியாக விட்டேன் என்றேன். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "உங்க பொண்ணுக்கு ஒரேயடியா நிறுத்தினப்போ என்ன ஆச்சு?"

எனக்கும் ஒரு அட்டை போட்டுக் கொடுத்தார், தும்பியுடையது மாதிரியே. முதல் வாரம் வெளியே உட்கார்ந்து இருபது நிமிடம், சத்தமில்லாமல், தும்பி தூங்கின பிறகு. அடுத்து பத்து. அடுத்து ஒன்றுமில்லை. விளையாடத் தோன்றும் நேரத்தில் வேறு என்ன செய்வேன் என்று எழுதச் சொன்னார். பாத்திரம் கழுவுவேன் என்று எழுதினேன். வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, இதற்குச் சாட்சிக் கையெழுத்து நான் போடுகிறேன் என்றாள். பேச ஆரம்பித்துவிட்டாள்.

எனக்கு ஒரு சந்தேகம். நாங்கள் வெளியே வந்ததும் டீச்சரம்மா சிரித்திருப்பாரோ?

ஏப்ரல் 1, செவ்வாய்

உருண்டை வெடிக்காத சாயங்காலம் எவ்வளவு நீளம் என்று இப்போதுதான் தெரிகிறது. கட்டைவிரல் தானாகத் துடிக்கிறது. மேஜையில் பட்டாணியைக் கலர் பார்த்து மூன்று மூன்றாகச் சேர்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் பச்சை.

தும்பி தட்டை எறிந்தபோது முதல் தடவையாக எனக்குக் கோபம் வரவில்லை. எனக்கும் எறியவேண்டும் போல்தான் இருந்தது.

ஏப்ரல் 3, வியாழன்

விழுந்துவிட்டேன். வீட்டில் யோக்கியனாக இருந்துவிட்டு, வேலையில் லிஃப்ட் பிரேக்கைச் சரிபார்க்கிறேன் என்று மொட்டை மாடி மோட்டார் அறையில் போய் உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம்தான் என்று ஆரம்பித்தது. மூன்று அழைப்பு வந்திருக்கிறது, மூன்றையும் விரலால் ஒதுக்கியிருக்கிறேன். நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் ஒரு கர்ப்பிணி அரை மணி நேரம் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். கூட வேலை பார்க்கிற பையன், 'கிரீஸ்' என்று கூப்பிடுவோம், அவன்தான் ஓடிப்போய்த் திறந்துவிட்டான். அவர் நல்லபடியாக வெளியே வந்தார், தண்ணீர் கேட்டார்.

கிரீஸ் மேலே வந்து என் கையைப் பார்த்தான். "மோட்டாரைப் பார்க்கப் போனீங்கன்னு நினைச்சேன், அண்ணே. நீங்களே மோட்டாராயிட்டீங்களா?" என்றான். பிறகு அவனே, "சூப்பர்வைசர்கிட்ட சிக்னல் கிடைக்கலன்னு சொல்லிட்டேன்" என்றான். அவன் திட்டியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 4, வெள்ளி

சூப்பர்வைசரிடம் போய் சிக்னல் இருந்தது என்று சொன்னேன். ஒரு எச்சரிக்கைக் கடிதம். பொத்தான் போன் ஒன்று வாங்கிக்கொண்டேன், கூப்பிட மட்டும். விளையாட்டு இருக்கிற பெரிய போன் இனி வீட்டுக்காரியிடம், அட்டையில் இருக்கிற நேரத்துக்கு மட்டும் தருவாள். என் தாளில் எல்லாவற்றையும் எழுதினேன். முன்னாடி என்ன நடந்தது என்ற கட்டத்தில் வெகுநேரம் யோசித்து, 'யாரும் பார்க்கவில்லை' என்று எழுதினேன்.

ஏப்ரல் 17, வியாழன்

சாயங்காலச் சாப்பாடு, போன் மேஜையின் அந்தக் கோடியில், மங்கலாக. ஏழு வாய். எடை முந்நூறு கிராம் ஏறியிருக்கிறது. குழாய் பேச்சை இப்போதைக்கு எடுக்க வேண்டாம் என்றார் டாக்டர். இப்போதைக்கு என்றால் என்ன அர்த்தம்? கேட்க நினைத்து, கேட்காமல் வந்தேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

மூன்று நாள் காய்ச்சல் அவளுக்கு. எல்லாம் பழையபடி. சத்தத்தோடு கொடுத்துத்தான் கஞ்சி இறக்கினோம். ஆரம்பத்திலிருந்தா மறுபடியும்? டீச்சரம்மா, ஆரம்பத்திலிருந்து இல்லை, இரண்டு படி பின்னால், அவ்வளவுதான் என்கிறார். எந்த அளவுகோலால் அளந்தார் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

டீச்சரம்மா சொன்னது சரிதான் போலிருக்கிறது. இரண்டு படிதான். எழுதும்போது எரிச்சலாக இருக்கிறது.

கண்ணாடி ஜன்னல் வழியாக இன்று தும்பி டீச்சரம்மாவிடம் ஒரு பட அட்டையை எடுத்து நீட்டியதைப் பார்த்தேன். தண்ணீர்ப் படம். அவர் உடனே தண்ணீர் கொடுத்தார். கேட்டால் கிடைக்கும் என்று தும்பிக்குத் தெரிந்திருக்கிறது. ஏழு வருஷமாக அவள் கத்தினால்தான் நாங்கள் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

மே 6, செவ்வாய்

என் அட்டை முடிந்தது. பாத்ரூமில் நாலு நிமிடம். வீட்டுக்காரி வெளியிலிருந்து, "என்ன, வயிறு சரியாயிடுச்சா?" என்றாள்.

விட்டுவிட்டேன் என்று எழுதமாட்டேன். என் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. இந்தச் சந்தேகத்தை மட்டும் வைத்துக்கொள்வதாக இருக்கிறேன்.

மே 11, ஞாயிறு

மத்தியானம் மூன்று பேரும் மேஜையில். போன் அடுத்த அறையில், சாப்பிட்ட பிறகு பதினைந்து நிமிடம் என்று படத்தில் காட்டியாகிவிட்டது. வீட்டுக்காரி ஊட்ட உட்கார்ந்தாள், தும்பி நாலு வாய் வாங்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் என் அவித்த முட்டையை நாலாக வெட்டி வைத்துவிட்டு, உப்பை எடுக்கத் திரும்பினேன். திரும்பிப் பார்த்தால் மூன்று துண்டு.

தும்பியின் கன்னம் உப்பியிருந்தது. மென்றாள். துப்பினாள். துப்பியதை விரலால் தொட்டு ஆராய்ந்தாள், என்னை மாதிரியே. பிறகு மறுபடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். வீட்டுக்காரி உதடு அசையாமல், "பார்க்காதீங்க" என்றாள். "ஜன்னலைப் பாருங்க."

ஜன்னலைப் பார்த்தேன். எதிர்க் கட்டடத்தில் யாரோ பால்கனியில் போர்வை உதறிக்கொண்டிருந்தார்கள். அதையே பார்த்தேன். தட்டை மட்டும் கையால் மெதுவாக அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு துண்டும் காணாமல் போனது. யார் எடுத்தது என்று நான் விசாரிக்கவில்லை.